'தி பிரசன்ட்' குறும்படத்தில் மகள் எங்கே நிற்கிறாள்?

கேள்வி இது: "பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் பாஃப்டா விருது வாங்கிய 'தி பிரசன்ட்' குறும்படம் பார்த்தேன். அப்பாவும் மகளும் ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான். கதையே இல்லாத படத்துக்கு எதற்கு இத்தனை பாராட்டு? முடிவும் நம்பும்படி இல்லை. நானும் ஒரு அப்பா–மகள் கதை எழுதி வைத்திருக்கிறேன். சுமை தூக்கும் அப்பா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கிக் கடனுக்கு மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் உடைந்துபோகிறார். எடுத்தால் 40 நிமிடத்தைத் தாண்டும் போலிருக்கிறது. இந்தப் படத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?"

நிறைய இருக்கிறது. முதலில் "கதையே இல்லை" என்பதைப் பார்த்துவிடுவோம். நீங்கள் தவறவிட்டது அங்கேதான் கிடக்கிறது.

யூசுஃபுக்கு அன்று திருமண நாள். மனைவி நூருக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய ஃபிரிட்ஜின் கதவு ஒழுங்காக மூட மாட்டேன் என்கிறது. சின்ன மகள் யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறான். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடி. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அதைக் கடந்தாக வேண்டும். ஏறக்குறைய 24 நிமிடப் படத்தின் சம்பவங்கள் இவ்வளவுதான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது யாஸ்மினுக்குத் தெரிந்த அப்பாவும், இரவில் வீடு திரும்பும்போது அவளுக்குத் தெரிந்த அப்பாவும் ஒருவரில்லை. அந்த ஒரு நாளில் அவள் அப்பாவைப் பார்த்துவிடுகிறாள். தான் பார்க்கப்பட்டுவிட்டோம் என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. கதை அதுதான். ஃபிரிட்ஜ் அதைச் சுமந்து வரும் வண்டி.

படத்தை இயக்கிய ஃபரா நபுல்சி லண்டனில் பிறந்து வளர்ந்த பாலஸ்தீனப் பெண். சினிமாவுக்கு வருவதற்கு முன் முதலீட்டு வங்கியில் பங்குத் தரகராக வேலை பார்த்தவர். வளர்ந்த பிறகு, இஸ்ரேலிய ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்குப் போய் நேரில் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. முதலில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் சில குறும்படங்கள் செய்தார். அதில் ஒன்று, மகனை ராணுவம் பிடித்துக்கொண்டு போன ஒரு தாயைப் பற்றியது. ஆக, பெற்றவர் கண்முன்னே பிள்ளைக்கு நடப்பது, பிள்ளை கண்முன்னே பெற்றவருக்கு நடப்பது, இந்த இரண்டும் அவர் மனதில் முன்பே ஊறிக்கொண்டிருந்தவை. அவர் இயக்கிய முதல் படம் 'தி பிரசன்ட்'. ஹிந்த் ஷுஃபானியுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். ஒளிப்பதிவு பெனுவா ஷமயார்.

2020 பிப்ரவரியில் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் குறும்பட விழாவில் முதல் திரையிடல். குறும்படங்களுக்கென்றே நடக்கும் விழாக்களில் உலகத்திலேயே பெரியது அது. அங்கே பார்வையாளர் விருது கிடைத்தது. 2021 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஏப்ரலில் சிறந்த பிரிட்டிஷ் குறும்படத்துக்கான பாஃப்டா. அதே மாதம் நடந்த 93-வது ஆஸ்கர் விழாவில் இறுதிப் பட்டியலில் இருந்தது, விருது வேறு படத்துக்குப் போனது. நடுவர்கள் கொடுத்ததற்கு முன் பார்வையாளர்கள் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பாலஸ்தீன அரசியல் பாடம் படித்துவிட்டு யாரும் அந்த அரங்குக்குள் வந்திருக்க மாட்டார்கள். கையில் ஒரு குழந்தையோடு வரிசையில் நிற்கும் அப்பாவைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பரிசு, நிகழ்காலம் என்று இரண்டு பொருள், இரண்டும் படத்துக்குப் பொருந்தும். அரபியில் 'அல் ஹதியா'. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் அன்பளிப்பை 'ஹதியா' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான். எனக்கு அந்தத் தலைப்பே நெருக்கமாக இருக்கிறது. விலை பார்க்காமல் மனசோடு கொடுப்பது ஹதியா. யூசுஃப் அன்று கொடுக்கும் விலை கடையில் கொடுத்த பணம் மட்டும் இல்லை.

இனி தொடக்கக் காட்சி. விடிவதற்கு முன், இருட்டில், பெத்லகேமில் 'செக்பாயின்ட் 300' என்ற சோதனைச் சாவடி. கம்பிகள் அடைத்த ஒடுங்கலான வழியில் நூற்றுக்கணக்கான ஆண்கள் நெஞ்சு நசுங்க நிற்கிறார்கள். சிலர் கம்பியைப் பிடித்து மேலே ஏறி அடுத்தவர் தலைக்கு மேலாக நகர்கிறார்கள். இது செட் போட்டு எடுத்த காட்சி இல்லை. உண்மையான சாவடியில், உண்மையாகவே வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு நடுவே, யூசுஃபாக நடிக்கும் சாலே பக்ரியை நிறுத்தி எடுத்தார்கள். பெத்லகேமிலிருந்து ஜெருசலேமுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் ஆள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே வந்து நிற்க வேண்டும். அனுமதிச் சீட்டு இருந்தாலும் நிற்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் நாள் முழுக்க வேலை.

இந்தக் காட்சிக்கும் ஃபிரிட்ஜ் கதைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு திரையிடலில் ஒருவர் என்னிடம் கேட்டார். நேரடியாக ஒன்றும் இல்லை. யாஸ்மின் அந்தக் காட்சியில் இல்லை. அவள் இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம். அப்பா தினமும் எதைத் தாண்டிப் போய்விட்டு வருகிறார் என்று மகளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அவர் சிரிக்கும்போது, முதுகு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மகளோடு விளையாட்டாகப் பேசும்போது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று நமக்கு மட்டும் தெரியும். வெளியே பட்டதை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வரும் அப்பாக்களைப் பற்றி ஒரு வசனமும் எழுதாமல் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

சாவடி என்றால் நம் மனதில் ஊர் எல்லையில் இருக்கும் செக்போஸ்ட் வரும். அந்தச் சித்திரத்தை அழித்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் கதை பாதி புரியாது. மேற்குக் கரையில் சாவடிகள் எல்லையில் மட்டும் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில், சில இடங்களில் வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவில் இருக்கின்றன. 2020-இன் தொடக்கத்தில் ஐ.நா.வின் மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் எடுத்த கணக்கில், நடமாட்டத்தைத் தடுக்கும் சாவடிகள், மண்மேடுகள், இரும்பு வாயில்கள் எல்லாம் சேர்த்து 593. இது போக 2002-இல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய பிரிவுச் சுவர். திட்டமிட்ட பாதையின் நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல், அதில் ஏறத்தாழ 85 சதவீதம் மேற்குக் கரைக்கு உள்ளேயே ஓடுகிறது. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இது சர்வதேசச் சட்டத்துக்கு மாறானது என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

மேற்குக் கரையிலேயே ஹெப்ரான் நகரத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் விநோதம். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1997 ஒப்பந்தப்படி நகரம் இரண்டாகப் பிரிந்தது. ராணுவத்தின் கையில் இருக்கும் பகுதியில், இஸ்ரேலியர்களின் குடியேற்றங்களை ஒட்டிய சில தெருக்களில் பாலஸ்தீனர்கள் வண்டி ஓட்டவே கூடாது. கேஸ் சிலிண்டரோ கட்டிலோ எதுவானாலும் கையில் தூக்கிக்கொண்டோ தள்ளுவண்டியில் வைத்தோ சாவடி வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். தன் வீட்டை ஒட்டியே சாவடி இருக்கும் ஹெப்ரான் நண்பர் ஒருவரின் வாழ்க்கையிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று நபுல்சி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். "ஃபிரிட்ஜை எதற்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், டெலிவரி வண்டி இல்லையா" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், பதில் இதுதான். படத்திலும் டெலிவரி வண்டி உண்டு. அது வீடுவரை வர முடியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் கவனித்திருப்பீர்கள். சாவடியின் குறுகலான நடைவழிக்குப் பக்கத்திலேயே அகலமான சாலை திறந்து கிடக்கும். இஸ்ரேலியர்களின் கார்கள் நிற்காமல் அதில் போகும். அங்கே எண்பலகையின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: இஸ்ரேலிய வண்டிக்கு மஞ்சள், பாலஸ்தீன வண்டிக்கு வெள்ளையில் பச்சை எழுத்து. படம் இதை வாயால் விளக்குவதில்லை. சாலையைக் காட்டுகிறது, கம்பியைக் காட்டுகிறது, நடுவில் நிற்கும் பிள்ளையைக் காட்டுகிறது. கடைசிக் காட்சியின் திறவுகோல் இந்தச் சாலைதான், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலைப் பயணத்தில் ராணுவத்தினர் யூசுஃபைத் தடுத்து, கம்பி போட்ட கூண்டு போன்ற இடத்தில் காக்க வைக்கிறார்கள். யாஸ்மின் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேரம் போகிறது. வெளியே விட்ட பிறகுதான் யூசுஃபுக்குத் தெரிகிறது, பிள்ளை உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அவளுக்குக் கூச்சம், அவருக்கு உயிர் போகிறது. அப்போது அவள் அப்பாவைத் தேற்றுகிறாள். பரவாயில்லை, நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்ற பொருளில் ஒன்று சொல்கிறாள்.

அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள். அழுகை இல்லை, புகார் இல்லை, ஆறுதல்தான். ஒரு அப்பாவுக்கு மகளிடமிருந்து வரக்கூடிய மிகக் கனமான ஆறுதல் அது. உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அதன் அடியில் இருக்கும் வாக்கியம். அப்பாவால் எதுவும் முடியும் என்று நம்ப வேண்டிய வயசு அவளுக்கு. ராணுவத்துக்காரர்கள் அவரைக் கூண்டில் வைத்தது அவமானம்தான், அதை அவர் தினமும் விழுங்குகிறார். மகள் புரிந்துகொண்டதை அவரால் விழுங்க முடியவில்லை. அதற்கு அப்புறம் அவர் செய்யும் எல்லாமே, அந்த ஃபிரிட்ஜை இன்றைக்கே வீட்டில் சேர்த்தாக வேண்டும் என்ற பிடிவாதம் உட்பட, அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் சொல்ல முயலும் பதில்.

சாலே பக்ரி இதை எப்படி நடித்திருக்கிறார் என்பதற்காகவே இந்தப் படத்தைப் பத்து முறை பார்க்கலாம். நடிகர், இயக்குநர் முகமது பக்ரியின் மகன் அவர். 2017-இல் வந்த 'வாஜிப்' என்ற முழுநீளப் படத்தில் அப்பாவும் மகனும் அப்பா–மகனாகவே நடித்தார்கள். நாசரேத்தில் வீடு வீடாகப் போய்க் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் கதை அது. அங்கே மகனாக இருந்தவர் இங்கே அப்பா. பெரிய உடம்பு, நல்ல உயரம், கம்பீரமான முகம். சாவடியில் நிற்கும்போது அந்த உடம்பைச் சுருக்கி வைத்துக்கொள்கிறார். கையை எங்கே வைப்பது என்பதில்கூட ஒரு கவனம் தெரியும். மகள் பக்கம் திரும்பும்போது மட்டும் தோள் நிமிரும். ஒரே மனிதன் இரண்டு உயரங்களில் வாழ்வதை அப்படிக் காட்டுகிறார்.

அப்பா அவமானப்படுவதைப் பிள்ளை பார்க்கும் கதைகளில் மிகவும் புகழ்பெற்றது 1948-இல் விட்டோரியோ டி சிகா எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ரோம் நகரம், போஸ்டர் ஒட்டும் வேலை, திருட்டுப் போன சைக்கிள், கூடவே நடக்கும் சிறுவன் புரூனோ. கடைசியில் அப்பாவே ஒரு சைக்கிளைத் திருடப் போய் மாட்டிக்கொள்கிறார், மகன் கண்முன்னே அடி வாங்குகிறார். புரூனோ அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான், இருவரும் கூட்டத்தில் கலந்து போகிறார்கள். இரண்டு படத்திலும் எலும்புக்கூடு ஒன்றேதான்: ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும் ஒரு சாதாரணப் பொருள், ஒரு நாள், ஒரு ஊர், ஒரு பிள்ளையின் கண். நபுல்சி எங்கே பிரிகிறார் என்றால், புரூனோ அப்பாவின் கையைப் பிடிக்கிறான், யாஸ்மின் ஃபிரிட்ஜைப் பிடிக்கிறாள்.

ஏன் ஃபிரிட்ஜ்? யோசித்துப் பாருங்கள். மோதிரமோ புடவையோ வாட்சோ வாங்கியிருந்தால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவடியைத் தாண்டியிருப்பான். படம் எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஃபிரிட்ஜ் பெரியது, கனமானது, மறைக்க முடியாதது. முதுகு வலிக்காரன் தள்ள வேண்டியது. சுழல் கம்பிக் கதவுக்குள் நுழையாதது. ஆபத்தில்லாத பொருள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே சமயம் நம் எல்லார் வீட்டிலும் இருப்பது, அதனால் அதன் கனம் பார்க்கிற நமக்கும் கையில் தெரிகிறது. எழுதும்போது நீங்கள் தேட வேண்டியது இப்படியொரு பொருளை. அது குறியீடாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேடாதீர்கள். அந்த இடத்தில், அந்த மனிதர்களுக்கு, எந்தப் பொருள் மிக அதிகமான தொந்தரவைக் கொடுக்கும் என்று தேடுங்கள்.

இனி முடிவு. நம்பும்படி இல்லை என்கிறீர்கள். இரவு. ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் வைத்து அதே சாவடிக்கு வருகிறார்கள். நடைவழி குறுகல், ஃபிரிட்ஜ் நுழையாது. பக்கத்தில் சாலை காலியாகக் கிடக்கிறது, அதன் வழியாக விடுங்கள் என்று யூசுஃப் கேட்கிறான். கெஞ்சுகிறான். விதி என்கிறார்கள். நாள் முழுக்க, சொல்லப்போனால் வருஷக்கணக்காக, அடக்கி வைத்தது உடைகிறது, கத்துகிறான். துப்பாக்கிகள் அவன் பக்கம் திரும்புகின்றன. பெரியவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், யாஸ்மின் பேசாமல் தள்ளுவண்டியைப் பிடித்து, திறந்து கிடக்கும் சாலை வழியாக ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

ராணுவம் இப்படி விட்டுவிடுமா என்பது உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், நானும் முதல் முறை அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று, அந்த நொடியில் துப்பாக்கிகள் யூசுஃப் மேல் இருக்கின்றன. ஒரு சின்னப் பெண் ஃபிரிட்ஜ் தள்ளுவதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது. விதியை மட்டுமே நம்பி நிற்பவர்கள் அங்கே தடுமாறுவது இயற்கை. இரண்டாவதுதான் முக்கியம். அவளுடைய செய்கை தைரியம் போலத் தெரிகிறது, ஆனால் அது அப்பாவைக் காப்பாற்றும் அவசரம். இன்னும் ஒரு நிமிடம் கத்தினால் அப்பாவைச் சுட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது. சண்டைக்குக் காரணம் ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் அந்தப் பக்கம் போய்விட்டால் சண்டை இல்லை. பிள்ளைகளின் கணக்கு அப்படித்தான் ஓடும். காலையில் "நீங்கள் என்ன செய்திருக்க முடியும்" என்று சொன்னவள், இரவில் என்ன செய்யலாம் என்று தானே கண்டுபிடிக்கிறாள்.

இதில் மகிழ்ச்சி எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்க வரவில்லை. அரங்கில் கைதட்டுகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளை தன் உயரத்துக்கு மேலான ஃபிரிட்ஜைத் தள்ள வேண்டி வந்ததற்கா கைதட்டுகிறோம் என்று எனக்கு அப்போதெல்லாம் தொண்டை அடைக்கும். பரிசு அம்மாவின் கைக்குப் போய்ச் சேரும் காட்சியை வைக்காமல் படத்தைச் சாலையிலேயே முடித்தது மிகச் சரியான முடிவு. அம்மா ஃபிரிட்ஜைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு காட்சி இருந்திருந்தால், நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூர் பாத்திரத்துக்குப் படத்தில் வேலை குறைவு. பரிசு பெற வேண்டியவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி அதிகம் தெரிவதில்லை. ராணுவத்தினர் பேசும் வசனங்கள் சில இடங்களில், எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டுவதற்காகவே எழுதியது போல ஒலிக்கின்றன. யூசுஃப் வெடிக்கும் இடத்தை இன்னும் அடக்கி வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த மனிதன் கத்தித்தான் ஆக வேண்டும். அவன் கத்தாமல் இருந்தால் யாஸ்மினுக்கு அந்தச் சாலை கிடைக்காது.

உங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் நீளம், அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆஸ்கரில் குறும்படம் என்றால், பெயர்கள் ஓடுவதையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது குறும்படமே இல்லை. நடைமுறையில் விழாக்களில் 40 நிமிடப் படத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் அந்த ஒரு படத்தின் நேரத்தில் மூன்று, நான்கு படங்களைப் போட்டுவிடலாம். 25 நிமிடமே நீளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்கர் பரிசீலனைக்குப் போக ஒரு வழி, அந்த விருதை வழங்கும் அகாடமியின் பட்டியலில் உள்ள விழா ஒன்றில் உரிய விருதை வெல்வது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு சர்வதேச குறும்பட விழா அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியல் மாறக்கூடியது, அனுப்பும் ஆண்டில் அகாடமியின் விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையெல்லாம் மனதில் வைத்து எழுத உட்காராதீர்கள். நபுல்சியின் படம் சுருக்கமாக இருப்பதற்குக் காரணம் விதிமுறை இல்லை, அவர் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் கதை மாதக்கணக்கில் ஓடுகிறது. அப்பா அலைகிறார், அலைகிறார், கடைசியில் உடைகிறார். அலைச்சலைக் காட்ட நீங்கள் ஐந்தாறு அலுவலகங்களைக் காட்டுவீர்கள், அங்கேதான் நிமிடங்கள் போகின்றன. 'தி பிரசன்ட்' அலைச்சலை எப்படிக் காட்டியது? ஒரே சாவடி, இரண்டு முறை. காலையில் மகள் வெளியே நின்று பார்க்கிறாள், இரவில் மகள் செய்கிறாள். இடம் மாறாததால் மனிதர்கள் மாறியது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து வாசல் தட்டுவதைவிட ஒரே வாசலுக்கு இரண்டு முறை போவது கனமானது. உங்கள் கதையில் அது ஒரு வங்கிக் கிளை. ஒரே கவுன்டர். ஒரே நாளில் காலையும் மாலையும். காலையில் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள், மாலை மூடுவதற்குள் கொண்டுவர வேண்டும். நடுவில் அப்பா அந்தக் காகிதத்துக்காகப் போகும் இடம் ஒன்றே ஒன்று போதும்.

அடுத்தது, முடிவில் உடைந்து போகும் அப்பாவுக்கு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தால், அதை எடுத்துவிடுங்கள். நான் உனக்காக எவ்வளவு பட்டேன் தெரியுமா என்ற வகைப் பேச்சை நம் படங்களில் நிறையக் கேட்டாயிற்று. எந்த அப்பா நிஜத்தில் அப்படிப் பேசுகிறார்? பேசாமல் சோறு வாங்கிக் கொடுப்பார், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்பார். யூசுஃப் கத்துவது ராணுவத்திடம்தான், மகளிடம் தன் கஷ்டத்தைப் பற்றிப் படம் முழுக்க அவர் ஒரு பாரம் இறக்குவதில்லை. வலி மாத்திரையை மட்டும் தேடுகிறார்.

சுமை தூக்குபவர் என்பதை ஒரு முறையாவது வேலையில் காட்டுங்கள், ஆனால் அதை மகள் பார்க்காத காட்சியாக, தொடக்கத்தில் வையுங்கள். பெத்லகேம் சாவடிக் காட்சி செய்கிற வேலையை அது செய்யும். முதுகில் மூட்டையோடு நாம் பார்த்த மனிதன், அப்புறம் வங்கியில் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் போதும். வங்கி ஊழியரையும் வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அவருக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், அவருக்கும் விதி இருக்கிறது. மரியாதையாகவே, "சார், இந்தக் காகிதம் இல்லாமல் ஒன்றும் பண்ண முடியாது" என்று சொல்லட்டும். அது இன்னும் வலிக்கும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்பா கடனுக்கு அலைகிறார் என்று இருக்கிறது. கட்டணம் மகளுடையது. அப்படியென்றால் அந்தக் கவுன்டரில் அவர் உட்கார்ந்திருக்கும்போது மகள் எங்கே? வீட்டிலா? பக்கத்து நாற்காலியிலா? கண்ணாடிக் கதவுக்கு வெளியே, உள்ளே பேசுவது கேட்காமல், அப்பாவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டா? அவளை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, காலைக் காட்சியை மட்டும் எழுதி அனுப்புங்கள். மாலைக் காட்சியைச் சேர்ந்து பார்ப்போம்.